பிடியரிசிக் கலயம்

கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டிக்கொண்டிருந்த ரத்னாபாய்க்கு, நிறம் மாறத் தொடங்கும்போதே தெரிந்துவிட்டது. நீல மருந்து கலங்கிப் பச்சையாயிற்று. பச்சையோடு நிற்கவில்லை. மஞ்சளைத் தொட்டு, ஆரஞ்சாகி, கடைசியில் செங்கல்லை அரைத்துக் கரைத்ததுபோல் அடியில் போய்ப் படிந்தது. ஸ்பிரிட் விளக்கை மூடி அணைத்துவிட்டு, "நாசமாப் போ" என்றாள். குழாயைச் சொன்னாளா, குழாய்க்குள் இருந்த மூத்திரத்தைச் சொன்னாளா, மூத்திரத்துக்கு உரியவரைச் சொன்னாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

உரியவர் அவள் கணவர் ஞானையன். திருவனந்தபுரத்தில் அஞ்சல் ஆபீஸ் ஹெட் கிளார்க், கிறிஸ்தவ சபையில் டீக்கன், அதாவது ஆலய ஊழியத்துக்கு உதவுகிற பொறுப்பு. நல்ல ஆகிருதி, அதற்கேற்ற குரல், அந்தக் குரலுக்கேற்ற பசி. கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டு, ஆனி மாதமாகிய மிதுனத்து மழையில் நனைந்து விறைத்த செருப்பு அவருடைய வலது கால் பெருவிரலைக் கடித்தது. செருப்புக்கடிதானே என்று விட்டார். ஆடியாகிய கர்க்கடகம் பிறந்தும் அது ஆறவில்லை. நகத்தோரம் கருத்து, கட்டை அவிழ்த்தால் முன்னறை வரை வாடை வந்தது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் நாகேஸ்வர ஐயர் விரலைப் பார்த்தார், மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்த்தார், பிறகு ஞானையனை விட்டுவிட்டு ரத்னாபாயைப் பார்த்துப் பேசினார்.

"சர்க்கரை வியாதிம்மா. அது இறங்கினா விரல் ஆறும். இறங்கலேன்னா விரல் போகும், அப்புறம் பாதம் போகும், அதுக்கு மேல கத்தி எங்க நிக்கும்னு நான் சொல்லமாட்டேன். சீமை ஊசி இருக்கு, தினம் குத்திக்கணும். அதுக்கு முன்னால சாப்பாட்டைக் கட்டிப் பாப்போம். சோறு இவ்வளவுதான்" என்று உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். "மரச்சீனிக் கிழங்கு, பலாச்சக்கை, பழம், கருப்பட்டி எதுவும் வாசப்படி ஏறப்படாது. தினம் காலம்பர நீங்களே காய்ச்சிப் பாருங்கோ. நீலமாவே நின்னா கால் அவரோடது. சிவந்தா என்னோடது."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த ஞானையன், வில்வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பெண்டாட்டியிடம் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன கூட்டான்?" என்பது.

அன்றிலிருந்து ரத்னாபாய் அடுப்படியில் படை நடத்தினாள் என்றுதான் சொல்லவேண்டும். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் கோதுமை வாங்கி, கல் பொறுக்கி, உடைத்து, காலைக்குக் கஞ்சி வைத்தாள். மதியத்துக்கு ஒரு சிரட்டை சோறு. அந்தச் சிரட்டையும் பெரிதாக இருக்கிறதென்று சின்னத் தேங்காயாகப் பார்த்து உடைத்து, விளிம்பைத் தேய்த்துப் புதிதாக ஒன்று செய்துகொண்டாள். வயிற்றின் மிச்ச இடத்தை முருங்கையிலையும் பாவைக்காய் என்கிற பாகற்காயும் மோரும் நிரப்பவேண்டும். விழிஞ்ஞத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரியிடம் சாளை வாங்கி, தேங்காயைக் குறைத்து, புளியும் மிளகுமாக வைத்தாள். ராத்திரிக்கு முட்டையா, வெள்ளரிக்காயா என்பதை மதியப் பாத்திரம் கழுவும்போதே யோசித்தாள். தானும் அதையேதான் தின்றாள். அவர் கண்முன்னால் சோற்றுருண்டை பிடித்துத் தின்ன அவளுக்கு மனம் வரவில்லை.

இதற்கு அவளுக்குக் கிடைத்த மரியாதை என்னவென்றால், முதல் நாளே கஞ்சிக் கோப்பை முற்றத்துக்குப் பறந்தது.

"இது என்னட்டி? காளைக்கு வைக்க தவிட்டுத் தண்ணியா?"

"கோதம்புக் கஞ்சி. குடிச்சா கால் இருக்கும்."

"காலு எனக்க காலு. உனக்கு எதுக்கு அதில இவ்வளவு அக்கறை?"

"நாளைக்குக் கட்டைக்காலோட உங்களைத் தாங்கிப் பிடிக்கப் போறவ நான். அதான் அக்கறை."

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற வீட்டிலேயே ஆள் இருந்தாள். ஞானையனின் அக்காள் லீலாபாய். புருஷன் செத்தபின் பத்து வருஷமாகத் தம்பி வீட்டில் இருப்பவள். ரேந்தை என்கிற லேஸ் பின்னுவதில் கைகாரி. மடியில் திண்டை வைத்துக்கொண்டு, நூல் சுற்றிய குச்சிகளைக் கடகடவென்று மாற்றிப் போட்டபடியே, தலையைத் தூக்காமல் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு வார்த்தை கேட்பாள்.

"எனக்க தம்பி ராஜாவாட்டு வளந்தவன். அம்மை அவனுக்கு மூணு வட்டம் சோறு போடுவா. இப்பம் ஒரு சிரட்டை! வாசல்ல வந்து நிக்க பிச்சைக்காரனுக்கும் இதைவிடக் கூடுதல் போடுவாவ."

"பிச்சைக்காரனுக்குச் சர்க்கரை வியாதி இல்ல, மைனி."

"உனக்குப் பொங்க மடி. அதுக்கு வியாதி ஒரு சாக்கு."

வியாதி தெரிந்த முதல் வாரமே லீலாபாய் தம்பிக்கு ஒரு நேந்திரம்பழத்தை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததை ரத்னாபாய் கையும் களவுமாகப் பிடித்திருந்தாள். பழத்தோல் கிணற்றடியில் கிடந்தது. "ஒரு பழத்துலயா சாவான்?" என்று கேட்ட லீலாபாய், அன்று மாலை தம்பியின் காலுக்குக் கட்டு மாற்றியதை வாசலில் நின்று பார்த்தாள். அதற்கப்புறம் பழம் கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்று அவள்தான் சொன்னாள். ரத்னாபாய் நம்பவில்லை.

எப்படி நம்புவாள்? குழாய் தினமும் செங்கல்லாகத்தானே காட்டியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க சொல்ற சாப்பாட்டுக்கு இந்த நிறம் வராதும்மா. யாரோ ஒளிச்சுக் கொடுக்கறா. இல்லே, நீங்க எங்கிட்டப் பொய் சொல்றேள். மாசக் கடைசிவரைக்கும் பாப்பேன். அப்புறம் விரலை எடுத்துடுவேன்" என்றார். நாலு பேர் காத்திருக்கிற வராந்தாவில் நின்று இதைக் கேட்டுக்கொண்ட ரத்னாபாய்க்கு உச்சந்தலை கொதித்தது. பட்டினி கிடப்பதும் அவள், ஏச்சு வாங்குவதும் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பெட்டியைப் பூட்டினாள். கருப்பட்டிப் பானையைப் பரண்மேல் ஏற்றி ஏணியை எடுத்துவிட்டாள். அலமாரி, சாமான் அறை, மாவு டின் எல்லாவற்றுக்கும் பூட்டு. சாவிக்கொத்து இடுப்பில் ஏறியது. அவள் நடந்தால் கோட்டைக் காவல்காரன் நடப்பதுபோல் சத்தம் கேட்டது.

அவள் பூட்டாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

அந்தச் சபையில் கிறிஸ்தவப் பெண்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியாக ஒரு கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் ஆலயத்தில் கொட்டுவார்கள். வீட்டில் அரிசி தட்டிப் போனாலும் அந்தக் கலயத்தில் கை வைக்கமாட்டார்கள். கை வைத்தால் கை வாதம் வந்துவிடும் என்று சொல்லித்தான் ரத்னாபாயை அவள் அம்மா வளர்த்தாள். அவள் வீட்டுக் கலயம் முன்னறையில், ஜெப மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. ஞானையனுக்கு வியாதி வந்தபின் அவள் ஒரு நேர்ச்சையும் செய்திருந்தாள்: அவர் கால் ஆறும்வரை ஒரு பிடி அல்ல, வேளைக்கு ரெண்டு பிடி. மைனிக்கு மட்டும் சோறு பொங்குகிற நாளிலும் அந்த ரெண்டு பிடியைக் குறைக்கவில்லை. அந்தக் கலயத்தைப் பூட்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் கணக்கில் அது அரிசியே அல்ல, காணிக்கை.

அந்த நாட்களில் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதலும் அந்த மூலையில்தான் இருந்தது. வியாதி வந்தபின் ஞானையனுக்குப் பக்தி கூடியிருந்தது. முன்பெல்லாம் ஜெபத்தில் கொட்டாவி விடுகிற மனுஷன், இப்போது மத்தியானம் அவள் கிணற்றடிக்குப் போகிற நேரத்தில், தானாக எழுந்து நொண்டிக்கொண்டே போய் ஜெப மேசைமுன் நிற்பார். சுவரைப் பார்த்துத் தலை குனிந்து நெடுநேரம் நிற்பார். "எல்லாத்துலயும் ஒரு நன்மை இருக்கு" என்று அவள் அண்டை வீட்டுக்காரியிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

எல்லாம் பூட்டிய பிறகும் குழாய் சிவந்தது. அப்படியானால் பூட்டுக்கு வெளியே சரக்கு வைத்திருப்பவள்தான் கொடுக்கவேண்டும். லீலாபாய் பின்பக்கம் போயிருந்த சமயம் அவளுடைய ரேந்தைக் கூடையைக் கவிழ்த்தாள். நூல் உருண்டைகளுக்கு அடியிலிருந்து காகிதத்தில் பொதிந்த கருப்பட்டித் துண்டு ஒன்று உருண்டு வந்தது.

"இது என்ன மைனி?"

"காப்பிக்கு. நீ பானையைப் பரண்ல ஏத்தினா நான் காப்பியை உப்புப் போட்டா குடிக்க?"

"காப்பிக்குன்னா எதுக்கு நூலுக்கு அடியில ஒளிச்சு வைக்கணும்?"

"உனக்க கண்ணுக்குப் பயந்து."

"பொய்! உங்க தம்பிக்க காலைத் துண்டு துண்டா வெட்டி இந்தக் கூடையில போட்டுத் தரச்சொல்லட்டா? அப்பம் திருப்தியாவுமா?"

"ஏட்டி, நாக்கை அடக்கு. நான் அவனைத் தூக்கி வளத்தவ."

"வளத்தது போதும். இனி கொல்ல விடமாட்டேன். இறங்குங்க வீட்டை விட்டு!"

லீலாபாய் தம்பியைப் பார்த்தாள். ஞானையன் முன்னறையில் சாய்வுநாற்காலியில், காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. கையை உயர்த்தி, பெண்களின் சண்டையில் நான் தலையிடமாட்டேன் என்பதுபோல் ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். லீலாபாய் தகரப்பெட்டியையும் ரேந்தைத் திண்டையும் எடுத்துக்கொண்டு, அதே தெருவின் கீழ்க்கோடியில் சுவாமிதாஸ் வாத்தியார் வீட்டுப் பக்கவாட்டு அறைக்குக் குடிபோனாள். போகும்போது அழவில்லை, சாபமும் கொடுக்கவில்லை. வாசலில் திரும்பி, "எனக்க தம்பி கெட்டா அது உனக்க கையால" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் ரத்னாபாய் தலை நிமிர்ந்து குழாயைக் காய்ச்சினாள். செங்கல். அதற்கு மறுநாளும் செங்கல். விரலின் கறுப்பு நகத்தைத் தாண்டி மேலே ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆராதனை முடிந்து பெண்கள் பிடியரிசி கொட்டும்போது, கூடைப் பொறுப்பாளி எலிசாள் அவளுடைய பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் ஊசி இருந்தது.

"என்ன டீக்கனம்மா, ஆண்டவருக்கும் பத்தியமா? ஒரு மாசமா உங்க வீட்டு அரிசி குறைஞ்சுகிட்டே வருதே. கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுலேருந்துகூட இதைவிடக் கூடுதல் வருது."

"நான் ரெண்டு பிடி போடுகேன்" என்றாள் ரத்னாபாய்.

"போட்டா இருக்கணுமே. ஆண்டவரு வீட்டுக்கே வந்து எடுத்துக்கிட்டாரா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எலிசாள் களவாடுகிறாள் என்றுதான் ரத்னாபாய்க்கு முதலில் பட்டது. பெரிதாக ஒரு சண்டை போட்டிருப்பாள். ஆனால் வீட்டிலிருந்து பையைத் தூக்கி வந்த கை அவளுடைய சொந்தக் கை. கனம் குறைந்திருந்ததைக் கை முன்பே சொல்லியிருந்தது. மனசுதான் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அடுத்த இரண்டு வேளையும் வழக்கம்போல் போட்டாள். பிறகு கலயத்துக்குள் அரிசியைச் சமமாகத் தடவி, அதன்மேல் விரலால் ஒரு சிலுவை கீறினாள். சிலுவை போட்ட அரிசியில் எலிகூட வாய் வைக்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. மறுநாள் மத்தியானம் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கப்பியைச் சத்தம் வரும்படி ஒருமுறை உருட்டிவிட்டு, வெறுங்காலோடு பக்கவழியாக வந்து முன்னறை ஜன்னலில் நின்றாள்.

ஞானையன் ஜெப மேசைமுன் நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. கண் மூடியிருந்தது. ஒரு கை கலயத்துக்குள் இருந்தது. இரண்டு கன்னமும் உப்பி, தாடை மாடு அசைபோடுவதுபோல் நிதானமாக, சுகமாக அசைந்துகொண்டிருந்தது. நறுக் நறுக்கென்ற சத்தம் ஜன்னல்வரை கேட்டது.

ரத்னாபாய்க்கு மைனியை வெளியேற்றிய நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் ஏன் கையை மட்டும் ஆட்டினார் என்பது இப்போது விளங்கிற்று. வாய் நிறைய அரிசி. அவர் கால் நல்லாக வேண்டுமென்று அவள் எத்தனைக்கெத்தனை கூடுதலாகப் போட்டாளோ, அத்தனையும் அந்தக் காலைத்தான் தின்றுகொண்டிருந்தது.

"துப்புங்க" என்றாள் உள்ளே வந்து.

அவர் துப்பவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே கடைசி அரிசிவரை மென்று விழுங்கினார்.

"ஆண்டவருக்க அரிசி!"

"ஆண்டவருக்குப் பசிக்காது. எனக்குப் பசிக்கு. வயித்துக்குள்ள தீயை வச்ச மாதிரி ராவும் பகலும் பசிக்கு. உனக்கு என்னட்டி தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? நானும் அதே சிரட்டையிலதானே தின்னுகேன்!"

"உன்னை யாரு தின்னச் சொன்னா?"

சுவரில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "மைனியை நான் வீட்டை விட்டு இறக்கினப்பம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? களவு உங்களுக்க களவுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? வாங்க, இப்பமே போய் மைனிகிட்ட சொல்லுங்க."

"நான் சபைக்கு டீக்கன். காணிக்கை அரிசியைத் தின்னேன்னு நானே சொல்லவா? உனக்குப் பைத்தியமா? அக்கா அங்க சுகமாட்டுத்தான் இருக்கா. நீயும் வாயை மூடிக்கிட்டு இரு. வெளியே ஒரு வார்த்தை போச்சுன்னா இந்த வீட்டுல நான் பச்சைத்தண்ணி தொடமாட்டேன்."

ரத்னாபாய் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று ஆராதனை முடிந்ததும் பை எடுத்துப் போகவில்லை, கலயத்தையே எடுத்துப் போனாள். வாரம் முழுக்க ஒரு பிடியும் விடாமல் போட்டிருந்தாள். பூட்டவும் இல்லை, காவலும் காக்கவில்லை. கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா பார்ப்போம் என்று விட்டிருந்தாள். எலிசாளின் கூடைமேல் கலயத்தைக் கவிழ்த்தாள். கைக்கு அடங்குகிற அளவு அரிசி விழுந்தது. அடியில் ரெண்டு தட்டும் தட்டினாள். பிறகு திரும்பி, ஆண்கள் பக்கமும் கேட்கும்படி சொன்னாள்:

"இதுல நேர்ச்சையாட்டு வேளைக்கு ரெண்டு பிடி போட்டேன். டீக்கன் தின்னுட்டாரு. லீலா மைனிதான் அவருக்கு ஒளிச்சுக் குடுக்காவன்னு நான் மைனியை வீட்டை விட்டு இறக்கினேன். அது எனக்க தப்பு. எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கேன். அரிசி தின்னது அவருக்க தப்பு. அதை அவரு கேக்கட்டும்."

போதகர் அங்கியைக் கழற்றியவர் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஞானையன் முகத்தில் ஈயாடவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்தார், நொண்டிக்கொண்டே நடுவழியாக வெளியே போனார். தெருவில் இறங்கி, தன் வீட்டு வாசலைத் தாண்டி, நேராகக் கீழ்க்கோடிக்குப் போய் அக்காளின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மதியம் ரத்னாபாய் ஆசைதீரச் சோறு வடித்து உட்கார்ந்தாள். ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. செய்ததில் அவளுக்கு வருத்தம் இல்லை, நாக்கு நுனியில் இனிப்புக்கூட இருந்தது. ஆனால் கீழ்க்கோடி அறையில் இந்நேரம் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூணு வட்டம் சோறு நடக்கும். டாக்டர் சொன்ன மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பின்வாசலில் நிழல் விழுந்தது. லீலாபாய். படியேறவில்லை, கீழேயே நின்றாள்.

"நாறுது" என்றாள்.

"என்னது?"

"காலு."

ரத்னாபாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வந்த அன்னைக்குக் கேட்டான், போட்டேன். சோறு போட்டேன், மரச்சீனி அவிச்சுப் போட்டேன். வயிறு நிறையத் தின்னுட்டுச் சின்னப் பிள்ளையாட்டு சிரிச்சான். இப்பம் கட்டை அவுத்தா அறையில இருக்க முடியல்ல." அவள் குரல் உடையவில்லை. ஆனால் முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். "எப்பிடிப் பொங்கணும்னு சொல்லித் தா."

"சொன்னா வராது மைனி. சோறு ஒரு நாளைக்குச் சிரட்டை, ஒரு நாளைக்கு அரைச் சிரட்டை. மீன் இருந்தா ஒண்ணு, இல்லன்னா வேற. முதல் நாள் நிறத்தைப் பாத்துத்தான் மறுநாள் அளவு."

"அப்பம் நீயே பொங்கு. நான் கொண்டுபோறேன். நான் பொங்கினதுன்னு சொல்லிப் போடுகேன். உனக்க கையின்னு தெரிஞ்சா அவன் தொடமாட்டான்."

"என் பேரு வேண்டாம். காலு இருந்தாப் போதும்."

"உன்னை நான் மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்கிடாத. சபை முன்னால எனக்க தம்பிக்க மானத்தை வாங்கினவ நீ."

"மன்னிப்பு நான் சபையில கேட்டாச்சு. உங்ககிட்ட ரெண்டாவது வட்டம் கேக்க மாட்டேன். காலையில வெறும் வயித்துல மூத்திரத்தைக் குப்பியில பிடிச்சுக் கொண்டாங்க."

இப்படித்தான் ஏற்பாடு முடிவாயிற்று. தினமும் விடிந்ததும் லீலாபாய் துணி சுற்றிய குப்பியோடு பின்வாசலுக்கு வருவாள். ரத்னாபாய் விளக்கை ஏற்றிக் காய்ச்சுவாள். இரண்டு பேரும் குழாயைப் பார்ப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். பிறகு தூக்குப்பாத்திரம் கை மாறும். நல்ல வார்த்தை ஒன்றுகூட அந்தப் படியில் பேசப்படவில்லை. பாவைக்காய் கருகிவிட்டது என்பாள் ஒருத்தி. மீனில் பாதி உங்க வாய்க்குப் போகுதா என்பாள் மற்றவள். ஒருநாள் தூக்குப்பாத்திரத்தின் மூடிக்காகவே அரைமணி நேரம் சண்டை நடந்தது. எதிர்வீட்டுக்காரி வேலியோரம் வந்து நின்று பார்த்தாள்.

ஆனால் லீலாபாய் பிடித்த காவல் அப்படிப்பட்ட காவல். ஒரே அறை, ஒரே கதவு. கதவை அடைத்துத் திண்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ரேந்தை பின்னுவாள். ஞானையன் புரண்டு படுத்தாலும் குச்சிச் சத்தம் நின்றுவிடும். பசி என்று கத்தினார், கெஞ்சினார், கைத்தடியை வீசினார். "காலு போனா உன்னை நான் சுமக்கமாட்டேன் பாத்துக்கோ" என்று, ரத்னாபாய் முன்பு சொன்ன கட்டைக்கால் பேச்சையே மாற்றித் தன் வார்த்தையாகச் சொன்னாள் அக்காள். அக்காள் சொன்னதால் அவர் அடங்கினார். ரத்னாபாயின் அதே பாவைக்காயைத் தின்றுவிட்டு, "அக்கா கையில கசப்பே தெரியல்ல" என்றாராம். இதைப் பின்வாசலில் வந்து ஒப்பிப்பதில் லீலாபாய்க்கு ஒரு தனிச் சந்தோஷம். கேட்ட ரத்னாபாய் மறுநாள் பாவைக்காயை உப்பில் பிழியாமல் அப்படியே வைத்துக் கொடுத்தாள். அதையும் தின்றார்.

குழாய் செங்கல்லிலிருந்து இறங்கியது. ஆரஞ்சில் கொஞ்ச நாள் அடம்பிடித்தது, மஞ்சளுக்கு வந்தது. டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தள்ளிப் போட்டார். நகம் விழுந்தது. கறுப்பு உரிந்து, அடியில் சிவப்பாகப் புதுத் தசை தெரிந்தது. ஒருநாள் காலையில் தீயில் எத்தனை நேரம் காட்டியும் குழாய் நீலமாகவே நின்றது. ரத்னாபாய் விளக்கைத் தூண்டிவிட்டு மறுபடி காட்டினாள். நீலம்தான். லீலாபாய் மூக்கை உறிஞ்சினாள். ரத்னாபாய் அடுப்புப்புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று அடுப்பு இன்னும் பற்றவைத்திருக்கவில்லை. தூக்குப்பாத்திரம் வழக்கம்போல் கை மாறியது.

பிடியரிசியை அவள் நிறுத்தவில்லை. நேர்ச்சை தீர்ந்ததால் மறுபடி ஒரு பிடி. கலயத்தை மட்டும் அரிசிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். ஆண்டவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று இருந்தாள்.

அறுப்பின் பண்டிகைக்கு ஞானையன் இரண்டு காலிலும் செருப்புப் போட்டு, கைத்தடி இல்லாமல், அக்காளின் அறையிலிருந்து ஆலயத்துக்கு நடந்து வந்தார். டீக்கன் வேலை கைவிட்டுப் போயிருந்தது, குரல் போகவில்லை. வாழைக்குலையும் கரும்பும் பூசணிக்காயும் குவித்திருந்த பீடத்துக்கு முன்னால், சுகம் கிடைத்ததற்குச் சாட்சி சொல்ல எழுந்தார். பெண்கள் பக்கம் நல்ல நெரிசல். ரத்னாபாய் பாயில் உட்கார்ந்திருந்தாள். தாமதமாக வந்த லீலாபாய்க்கு வேறு இடமில்லாமல், அவளுக்குப் பக்கத்திலேயே, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்காரவேண்டி வந்தது.

"எனக்க காலை வெட்டணும்னு எழுதி வச்சாச்சு" என்று தொடங்கினார் ஞானையன். "சொந்த வீட்டுலயே எனக்குப் பட்டினி. ஒரு சிரட்டைச் சோறு, அதுவும் தலைதட்டி. பசி பொறுக்காம தப்புச் செய்தேன், ஒத்துக்கிடுகேன். ஆனா என்னைத் தப்புச் செய்ய வச்சவ யாருன்னு ஆண்டவருக்குத் தெரியும். ஆண்டவரு எனக்க அக்காவுக்க கையில கிருபையை வச்சாரு. அக்காவுக்க கைப்பாகம்தான் எனக்க கால்!" காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்துக் காட்டினார். சபை ஸ்தோத்திரம் சொன்னது.

ரத்னாபாய்க்குக் காது மடல் சுட்டது. எழுந்து நின்று இன்னொருமுறை சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கையைப் பாயில் ஊன்றினாள். சொன்னால் அவர் நாளை முதல் அந்தச் சாப்பாட்டைத் தொடமாட்டார். அவர் மிதித்துக் காட்டிய காலையே பார்த்தபடி, பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாட்டுக்காக எல்லோரும் எழுந்த சத்தத்தில் லீலாபாய் அவள் பக்கம் சாய்ந்தாள். முகத்தைத் திருப்பவில்லை, பீடத்தைப் பார்த்தபடியே அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி கடுகடுவென்று சொன்னாள்:

"நாளைக்குக் கோதம்புக் கஞ்சியைக் கொஞ்சம் கட்டியாட்டு வை. நேத்தைக்கு வெறும் தண்ணியாட்டுல்லா இருந்து."